இரண்டு பக்கமும் ஓரம் விட்ட மனு

போன வாரம் யசோதா போன் செய்தாள். என்னிடம் வேலை பழகியவள். இப்போது தருமபுரிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட எல்லாப் பள்ளியிலும் பெட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறதாம். பெட்டி வாங்கியாயிற்று, பூட்டும் வாங்கியாயிற்று.

"டீச்சர், ஒரு சந்தேகங்க. சாவிய யார்கிட்ட குடுக்கறது? கிளாஸ் டீச்சருங்க எங்ககிட்ட குடுங்கன்னு கேக்கறாங்க. பசங்க கையெழுத்தெல்லாம் அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், யார் எழுதுனதுன்னு பாத்த உடனே சொல்லிடுவோங்கறாங்க."

"அவங்ககிட்ட மட்டும் குடுக்காத" என்றேன். "ஏனுங்க டீச்சர்" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. ஒரு வாரமாக எனக்கு உட்கார முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் கேழ்வரகும் துவரையும் போடுகிற கிறிஸ்தவக் குடும்பம். அங்கிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். மெட்ராஸில் கணக்கில் பட்டம், பிறகு பி.டி. பயிற்சி. அந்த ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரும்பலகையைப் பார்த்து நின்றபடி வகுப்பையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். அறுபதுகளின் கடைசியில், மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தபோது, தருமபுரிக்கு வெளியே இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். வயது இருபத்து மூன்று. எதிலும் அவசரம். மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பு வாசலில் நிற்பேன். முந்தின வகுப்பு வாத்தியார் என்னைப் பார்த்தே பாடத்தை முடித்துக்கொள்வார்.

தலைமையாசிரியர் வேங்கடாசலம் சார். அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர் செய்தது எல்லாமே நிதானம்.

பள்ளியில் ஒரே ஒரு பிரம்புதான். அது அவருடைய அறையில், காடாத் துணி உறைக்குள் இருக்கும். வேறு எந்த வாத்தியாரும் பிள்ளைகள் மேல் கை வைக்கக் கூடாது. அடிப்பதென்றால் முதலில் தண்டனைப் பதிவேட்டைத் திறப்பார். தேதி, பெயர், வகுப்பு, குற்றம், எத்தனை அடி என்று ஐந்து கட்டங்கள். அடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் நிரப்புவார். பையனைப் படிக்கச் சொல்வார். "சரியாங்க தம்பி?" என்று கேட்பார். அடி வாங்கப் போகிறவனிடம் மட்டும் அவருக்கு மரியாதை கூடிவிடும். மூன்று என்று எழுதியிருந்தால் மூன்று. நான்காவது கிடையாது. முடிந்ததும் பையன் கையெழுத்துப் போட வேண்டும், வலிக்கிற கையாலேயே. பிறகு மண்பானைத் தண்ணீரில் இரண்டு கைகளையும் கழுவித் துடைத்துக்கொண்டு உட்காருவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

எந்தக் காகிதமானாலும் வரிக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்து நகர்த்திக்கொண்டே முழுக்கப் படிப்பார். அதன் பிறகுதான் பச்சை மையில் கையெழுத்து. எல்லாப் பதிவேட்டிலும் பக்கங்களுக்கு எண் போட்டு, முதல் பக்கத்தில் "இதில் தொண்ணூற்றாறு பக்கங்கள் உள்ளன" என்று எழுதிக் கையொப்பம் இட்டிருப்பார். தாள் கிழிக்கக் கூடாது. சுரண்டக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்து.

அவர் மேசையில் நீலம், பச்சை போக மூன்றாவதாக ஒரு புட்டி உண்டு. சிவப்பு மை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. மாற்றுச் சான்றிதழில், அதாவது டி.சி.யில், 'நடத்தை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைச் சிவப்பு மையில் நிரப்பிவிட்டால் போதும். என்ன எழுதியிருக்கிறது என்று கூட அடுத்த பள்ளியில் படிக்க மாட்டார்கள். நிறத்தைப் பார்த்ததும் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் மாவட்டம் முழுவதும் எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் தெரியும். அப்போது பள்ளியின் கடைசி வகுப்பாக இருந்த பதினோராம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சிவப்பு டி.சி. என்றால் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை கிடையாது. படிப்பு அத்தோடு சரி.

இப்போது பஸ் விஷயம். காலை முதல் மணி ஒன்பதரை. பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வருகிற பஸ் ஒன்பதே முக்காலுக்கு வரும். பால் கேன், காய்க்கூடை எல்லாம் ஏற்றிய பிறகுதான் அது கிளம்பும். அதற்கு முந்தைய பஸ் ஆறரைக்கே வந்துவிடும். பள்ளிக் கதவு திறப்பதோ ஒன்பது மணிக்கு. ஆக என் பதினோராம் வகுப்பில் ஒன்பது பேர் தினமும் தாமதம். அவர்கள் முதல் பாடவேளை முடியும்வரை கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்க வேண்டும். அந்த முதல் பாடவேளை என்னுடையது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வட்டத்தின் நாண்களைப் பற்றி நடத்துவேன். அவர்கள் அங்கே தலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த ஒன்பது பேரில் மெகருன்னிசா ஒருத்தி. அவளுடைய அப்பா பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். பாப்பாரப்பட்டிச் சந்தையில் உட்காருவார், மற்ற நாட்களில் ஊர் ஊராகப் போவார். மெகரு என் மனதுக்கு நெருக்கமான பிள்ளை, மறைப்பானேன். வலது பக்கத்திலிருந்து எழுதுகிற அரபியை முதலில் பழகியவள் என்பதாலோ என்னவோ, நோட்டில் இடது பக்கம் ஒரு ஓரம், வலது பக்கம் ஒரு ஓரம், இரண்டு கோடு போட்டு நடுவில் எழுதுவாள். "பேப்பர் உங்க அப்பா தோட்டத்துல காய்க்குதா" என்று கேலி செய்வேன். "நடுவுல எழுதுனாத்தான் டீச்சர் கணக்கு கீழ விழாது" என்பாள். அவள் பக்கத்தில் காவேரி. ஒரே ஊர், ஒரே பஸ், ஒரே டிபன் டப்பா.

ஆசிரியர் கூட்டத்தில் பேசிப் பார்த்தேன்.

"சார், அந்த ஒம்பது பேரை மட்டும் ஒம்பதே முக்காலுக்கு உள்ள விட்டா என்னங்க சார்?"

"நாளைக்கு ஊருக்குள்ள இருக்கறவனும் பஸ்ல வந்தேம்பான் டீச்சர். விதின்னா எல்லாருக்கும் ஒன்னுதான்."

"பஸ் அவங்க கையில இல்லீங்களே சார்."

"விதியும் என் கையில இல்லீங்க" என்றார். உண்மையாகவே அப்படி நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் கோபத்தோடு வகுப்புக்குப் போனேன். அன்று இரண்டாவது பாடவேளையும் எனக்குத்தான். ஒன்பது பேரும் வியர்த்து வந்து உட்கார்ந்தார்கள். நான் சாக்பீஸை வைத்துவிட்டுச் சொன்னேன்: "குறை இருந்தா மேல இருக்கற ஆபீசருக்கு மனு எழுதலாம். யார் வேணும்னாலும் எழுதலாம். பெரியவங்கதான் எழுதணும்னு எங்கயும் இல்ல. எங்கிட்ட வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டா ஒன்னும் நடக்காது. உங்க பக்கம் நியாயம் இருந்தா நிரூபிச்சுக் காட்டுங்க."

இரண்டு நிமிடப் பேச்சு. உடனே கணக்குக்குப் போய்விட்டேன். அதை நான் மறந்தும் போனேன். அவர்கள் மறக்கவில்லை.

அரைப் பரீட்சைக்கு முந்தைய வாரம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு முழுத்தாள். கீழ்ப்பாதியை மை ஒற்றும் தாளால் மூடியிருந்தார்.

"உக்காருங்க டீச்சர். கணக்குல ஒரு நிரூபணம். சரியா இருக்குதான்னு பாருங்க."

படித்தேன். இன்றும் எனக்கு அது மனப்பாடம்.

தரப்பட்டவை: பள்ளி மணி 9.30. எங்கள் பஸ் 9.45. முந்தைய பஸ் 6.30. பள்ளிக் கதவு திறப்பது 9.00.

நிரூபிக்க வேண்டியது: நாங்கள் தாமதமாக வருகிறவர்கள் அல்ல.

அமைப்பு: பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கு ஒரு நேர்கோடு வரைக. அதன் நீளம் மூன்று பர்லாங்கு. அதில் நாங்கள் யாரும் நடப்பதில்லை, ஓடுகிறோம்.

நிரூபணம்: முன்னால் வர முடிந்தும் வராதவரே தாமதமானவர். எங்களால் முன்னால் வர முடியாது. எனவே தாமதம் பஸ்ஸைச் சேரும். பஸ்ஸை வெயிலில் நிறுத்துவதில்லை. ஆகவே எங்களையும் நிறுத்தக் கூடாது.

நான் சிரித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பள்ளிக்கு வந்து ஆறு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மனிதர் இளகிவிட்டார், பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள் என்று எனக்குள் ஒரே குதியாட்டம்.

"மார்க்கு போடுங்க பாக்கலாம்" என்று சிவப்புப் பென்சிலை நீட்டினார்.

வாங்கிப் போட்டேன். பத்துக்கு ஒன்பது. "பஸ்ஸை வெயிலில் நிறுத்துவதில்லை" என்பதற்குப் பக்கத்தில் 'காரணம் தரவில்லை' என்று எழுதி ஒரு மார்க்கைக் குறைத்தேன். குறைத்த கையோடு சொன்னேன்:

"ரெண்டு பக்கமும் ஓரம் விட்டு எழுதறவ எங் கிளாஸ்ல ஒருத்திதான் சார். மெகருன்னிசா. நான் சொல்லிக்கிட்டே இருந்தனில்லீங்களா, நல்ல மூளை."

"அப்படீங்களா" என்றார்.

மை ஒற்றும் தாளை எடுத்தார். கீழே காம்பஸால் வரைந்த ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றிலும் ஒன்பது பெயர்கள். யார் முதல், யார் கடைசி என்று தெரியாதபடிக்கு. தாளின் மேல் மூலையில் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் முத்திரை. யார் மேல் புகாரோ அவருக்கே 'விளக்கம் தருக' என்று அனுப்பி வைப்பதுதான் அன்றைய வழக்கம். அவர் விரல் வட்டத்தைச் சுற்றி மெதுவாக வந்து ஒரு பெயரில் நின்றது.

"ஒம்பது பேருக்கும் டி.சி. குடுக்க முடியாது டீச்சர். தலைமை தாங்கினது யாருன்னு தெரியாம நாலு நாளா இந்தத் தாள வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ்: முறையான வழியில் அனுப்பாமல் மேலதிகாரிக்கு மனு எழுதத் தூண்டியவருக்கு டி.சி. வழங்கப்படும், விசாரணை புதன்கிழமை. விசாரணைக் குறிப்பு எழுத என்னையே போட்டார். "உங்க எழுத்து தெளிவா இருக்கும்" என்றார்.

புதன்கிழமை மெகருவும் அவளுடைய அப்பாவும் வந்தார்கள். அப்பாவின் நகங்களில் கரி. துணியை மட்டும் வெளுத்துக் கட்டியிருந்தார். நாற்காலி போடச் சொன்னார் சார். அவர் நுனியில் உட்கார்ந்தார்.

"மனு எழுதினது நீங்கதானாங்க?"

"ஆமாங்க சார்."

"என் மூலமாத்தான் அனுப்பணும். அது தெரியுங்களா?"

"உங்க மேல எழுதற மனுவ உங்ககிட்டயே குடுக்கறதுங்களா சார்?"

"அதான் முறை."

நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

"வட்டமா பேர் எழுத யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"வட்டம் போட ஆறாங் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க சார்."

அவளுடைய அப்பா வாயைத் துண்டால் மூடி இருமினார். இருமல் மாதிரி இல்லை.

"மனு எழுதலாம்னு யார் சொன்னது? அத மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டா உங்களுக்கு ஒன்னும் இல்ல."

மெகரு தரையைப் பார்த்தாள். என் பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் அப்போதே சொல்லியிருப்பேனோ என்னவோ. என் பேனா 'பதில் இல்லை' என்று எழுதியது.

அவளுடைய அப்பா சொன்னார்: "சார், படிக்க வெச்சேன். எழுதிப் போட்டிருக்குது. எழுதுனதுல பொய் இருந்தாச் சொல்லுங்க, இப்பவே வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

சார் முத்திரை எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தார். அதில் டி.சி. புத்தகம் திறந்தபடி இருந்தது. மெகருவின் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், எல்லாம் எழுதி முடிந்திருந்தது. நடத்தைக் கட்டத்தில் சிவப்பு மை. அது நன்றாகக் காய்ந்திருந்தது. விசாரணை இன்னும் முடியவில்லை.

நான் வேலைக்கு வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, நிரந்தரம் ஆகவில்லை. வீட்டில் அடுத்து இரண்டு தங்கைகள். வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை என்பதே உண்மை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. 'பதில் இல்லை' என்பதற்குக் கீழே எழுதினேன்: "குறை இருந்தால் யார் வேண்டுமானாலும் மேலதிகாரிக்கு மனு எழுதலாம் என்று வகுப்பில் சொன்னது, இந்தக் குறிப்பை எழுதும் கணக்கு ஆசிரியை ஜெசிந்தா." எழுதிக் குறிப்பேட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

அப்பாவையும் மகளையும் வெளியே இருக்கச் சொன்னார். ஆள்காட்டி விரல் முதல் வரியில் வந்து அமர்ந்தது. நகர்ந்தது.

இடையில் ஒரு வரியில் நின்றது. எந்த வரி என்று பிறகு சொல்கிறேன். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். விரல் மறுபடி நகர்ந்தது. கடைசி வரிக்கு வந்து நின்றேவிட்டது.

"இது என்ன டீச்சர்?"

"நடந்ததுங்க சார்."

"இந்த ரூம்ல நடந்தத மட்டும் எழுதணும்."

"யார் சொன்னதுன்னு இந்த ரூம்லதான் சார் கேட்டீங்க. பதிலும் இந்த ரூம்லதான் இருந்துச்சு."

சார் குறிப்பேட்டை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். பக்கத்தின் மூலையில் இருந்த எண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று. கிழிக்க முடியாது. சுரண்ட முடியாது. இதன் நகல் இல்லாமல் கல்வி அலுவலகத்துக்கு விளக்கமும் அனுப்ப முடியாது. எல்லாம் அவரே போட்ட விதி.

"தூண்டினவங்களுக்கு டி.சி.ன்னு நோட்டீஸ் போட்டேன்" என்றார் கடைசியில், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "தூண்டினது அவங்க இல்லேன்னா டி.சி.யும் இல்ல." பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். டி.சி. தாளின் குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து 'ரத்து' என்று எழுதினார். அதையும் கிழித்துப் போடவில்லை. அடிக்கட்டையோடு சேர்த்து ஒட்டி வைத்தார்.

"உங்களுக்கு என்ன வரும்னு தெரியுங்களா?"

"தெரியுங்க சார்."

"மெட்ராஸ் போய்ப் படிச்சுட்டு வந்து இப்படித் துள்றீங்க" என்றார். திட்டாகவும் இல்லை, பாராட்டாகவும் இல்லை. எழுந்து போய்ப் பானைத் தண்ணீரில் கை கழுவினார்.

பொங்கல் முடிந்ததும் எனக்கு மாற்றல் வந்தது. இரண்டு பஸ் மாறி, பிறகு நடந்து போக வேண்டிய ஊர். தகுதிகாண் காலத்தையும் ஒரு வருடம் நீட்டினார்கள். ஒன்பது பேரும் பங்குனி வெயில் வரைக்கும் கொடிக்கம்பத்தடியில் நின்றார்கள். பரீட்சை எழுதினார்கள். மெகரு கணக்கில் வாங்கிய மார்க்கை எனக்குத் தபால் கார்டில் எழுதியிருந்தாள், இரண்டு பக்கமும் ஓரம் விட்டு.

எழுபதுகளின் நடுவில் நானும் ஒரு பள்ளிக்குப் பொறுப்பானேன். பிரம்பு வைத்துக்கொள்ளவில்லை. சிவப்பு மைப் புட்டியைப் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே கொட்டிக் கழுவி அதில் பசை வைத்தேன். பிள்ளைகளின் மனு வந்தால் முதலில் எழுத்தரிடம் போகும். அவர் தட்டச்சு செய்து தருவார். அதை மட்டும்தான் நான் படிப்பேன். மூலத்தாள் உறையில் ஒட்டப்பட்டுவிடும். "என்னாத்துக்குங்க டீச்சர் டபுள் வேலை" என்று எழுத்தர் முணுமுணுப்பார். கண் சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்தச் சமயம்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து யாரோ "டீச்சர்" என்றார்கள். மெகரு. ஏதோ அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். கையில் ஒரு குழந்தை. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"உங்களாலதாங்க டீச்சர் நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். எங்க வாப்பா இன்னிக்கும் சொல்லுவாரு, அந்த டீச்சரம்மா மட்டும் அன்னிக்கு எழுதலேன்னா நீ எங்கூடத் துருத்தி ஊதிக்கிட்டு இருந்திருப்பேன்னு."

"அதெல்லாம் பெருசில்ல. காவேரி எப்படி இருக்கா?"

அவள் முகம் மாறியது.

"அவகூடப் பேசறதில்லீங்க டீச்சர்."

"ஏன்?"

"வட்டமாத்தான எழுதினோம்? நான்தான் எழுதினேன்னு ஹெச்.எம்.முக்கு எப்படித் தெரியும்? தாள் எழுதும்போது எம் பக்கத்துல இருந்தவ அவ ஒருத்திதான். அவதான் போட்டுக் குடுத்திருப்பா. இல்லவே இல்லேன்னு அழுதா. நான் நம்பல. அவ கல்யாணத்துக்குக்கூடப் போகல."

இப்போது அந்த வரியைச் சொல்கிறேன். விசாரணைக் குறிப்பில் நான் எழுதியது எல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. 'மனுவை எழுதியவர் யார் என அறிந்த விதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் எழுதியது: "தலைமையாசிரியர் தாமே கண்டறிந்தார்." வேங்கடாசலம் சாரின் விரல் நின்றது அங்கேதான். ஒரு எழுத்துத் தப்பானாலும் திருத்தச் சொல்கிறவர், அந்த வரியைத் திருத்தச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். எனக்குக் காட்டிய ஒரே கருணை அது. அதை வாங்கிக்கொண்டவள் நான்.

மெகரு என் கையைப் பிடித்தபடியே இருந்தாள். சொல்ல வாயைத் திறந்தேன். என் பஸ் வந்தது. கூட்டம் நெருக்கியது. "பஸ்ஸ விட்றாதீங்க டீச்சர்" என்று அவளே என்னைப் படியில் ஏற்றிவிட்டாள். அடுத்த பஸ் அரை மணி நேரத்தில் இருந்தது. அது எனக்குத் தெரியும். ஏறிவிட்டேன்.

அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. வேலைக்காக எங்கோ மாறிப் போனதாகச் சொன்னார்கள்.

யசோதா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். சாவி, பிள்ளைகளின் கையெழுத்து தெரிந்தவரிடம் இருக்கக் கூடாது. பிள்ளைகள் மேல் வெறுப்பு உள்ளவர் காட்டிக் கொடுப்பார் என்று மட்டும் பயப்படாதே. பெருமை தாங்காமலும் ஒரு வாத்தியாரம்மா பெயரைச் சொல்லிவிடுவாள். மார்க்கும் போட்டுக் கொடுப்பாள்.

இது அச்சில் வந்தால் யார் கண்ணிலாவது பட்டு அவர்கள் வழியாகப் போய்ச் சேரட்டும். மெகரு, காவேரி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.